கடலுக்குப் போகாத நாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். அங்கே ராக்கெட் கிளம்பும்போது, இங்கே தொழிற்சாலை மொட்டை மாடியில் நின்று வடகிழக்கே பார்ப்பவர்களுக்கு முதலில் நெருப்பும் புகைக்கோடும்தான் தெரியும். சத்தம் வராது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஒன்றேமுக்கால் நிமிடமாவது வேண்டும். 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2:35 மணிக்குச் சந்திரயான்-3 கிளம்பியது. அதைச் சுமந்த எல்விஎம்-3 ராக்கெட்டின் நடுப்பகுதி எஞ்சின்கள் பற்றிக்கொண்டது 108ஆவது நொடியில். அப்போது உயரம் 40 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தரையில் எழுந்த முதல் உறுமல் கும்மிடிப்பூண்டியை எட்டுவதும் ஏறத்தாழ அதே நொடியில்தான். காற்று சாதகமாக இருந்தால் காதில் கேட்கும். ஜன்னல் கண்ணாடியும் லேசாக அதிரும். நாம் கேட்பது பழைய சத்தம். ராக்கெட் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டில் படகுகள் கரையில் கிடக்கும். "நாளைக்கு ராக்கெட் விடறாங்க, யாரும் கடலுக்குப் போவாதீங்க" என்று முன்கூட்டியே குப்பங்களுக்குத் தகவல் வந்துவிடும். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களில் அன்று வலை நனையாது. மீன் வராவிட்டால் ஐஸுக்கும் வேலை இல்லை, நண்டையும் இறாலையும் தரம் பிரித்து எடை போடும் பெண்களுக்கும் கூலி இல்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசார் சுற்றி வருவார்கள். ராக்கெட் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த கூட்டம் கரையில் நிற்கும்.

இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. ராக்கெட் தன் எரிந்து முடிந்த பகுதிகளை வழியெல்லாம் உதறிக்கொண்டே போகிறது. எல்விஎம்-3இன் இரண்டு பக்கவாட்டு பூஸ்டர்களில் ஒவ்வொன்றிலும் 200 டன் அளவுக்குத் திட எரிபொருள். இரண்டு நிமிடத்தில் அது தீர்ந்ததும் வெற்றுக் கூடுகள் கழன்று வங்கக் கடலில் விழும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாதை தவறினால் ராக்கெட்டையே வெடிக்கச் செய்ய வேண்டிய பொறுப்பும் தளத்தில் ஒருவருக்கு உண்டு. அதற்குக் கிழக்கே ஆளில்லாத கடல் வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் 13.7 டிகிரி வட அட்சரேகையில் நொடிக்கு 450 மீட்டர் வேகம் ராக்கெட்டுக்குச் சும்மா கிடைக்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகமும் கூடச் சேரும். 1963இல் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து பெரிய ராக்கெட்டைக் கிழக்கே விட்டால் கேரளமும் தமிழ்நாடும் அதன் அடியில் வரும். ஆகவே விக்ரம் சாராபாய் கிழக்குக் கரையில் இடம் தேடினார்.

நிலாவுக்கான போட்டியைப் பற்றிய அத்தியாயத்தை இந்தக் கரையில் தொடங்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் போட்டியின் கதையை நாம் கொடிகளின் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். யார் முதலில் போனார், யார் இரண்டாவது என்ற பட்டியலில், வேலை செய்தும் பெயர் வெளியே வராதவர்களும், இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றவர்களும் விழுந்துபோகிறார்கள். அவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

*

ஸ்ரீஹரிகோட்டா தேர்வானது 1969இல். அதற்கு முன் சென்னைக்கும் அந்தத் தீவுக்கும் இருந்த உறவு அடுப்பங்கரை உறவு. தீவின் மரத்தை வெட்டி, பக்கிங்காம் கால்வாயில் படகேற்றிப் பட்டணத்துக்கு விறகு அனுப்பினார்கள். காட்டுக்குள் யானாதி பழங்குடியினர் வாழ்ந்தார்கள். கிழங்கு, தேன், மூலிகை, ஏரி மீன், விறகு வெட்டும் கூலி என்று அவர்கள் பிழைப்பு ஓடியது. கடற்பக்கம் மீனவக் குப்பங்கள் இருந்தன. ஏவுதளம் வந்ததும் தீவில் இருந்த ஊர்கள் காலியாகத் தொடங்கின. சில குடும்பங்கள் பழவேற்காட்டுப் பக்கம் குடியேறின. யானாதிகளில் சிலருக்குத் தளத்திலேயே கூலி வேலை கிடைத்தது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சிறிய ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாகப் பறந்தது. ஏவுதளத்தின் வரலாற்றை இந்தத் தேதியிலிருந்து எழுதுகிறார்கள். விறகுக் காட்டிலிருந்து எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

தீவைத் தேர்ந்தெடுத்த அதே 1969இல்தான் மேலே அந்தப் பெரிய போட்டி முடிவுக்கு வந்தது. ஜூலை 21, இந்திய நேரப்படி காலை எட்டரை மணியளவில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாத் தரையில் கால் வைத்தார். அந்த நேரத்தில் நிலாவை இன்னொரு கலமும் சுற்றிக்கொண்டிருந்தது. சோவியத் ஒன்றியத்தின் லூனா-15. ஆள் இல்லாமல் இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு, முடிந்தால் அமெரிக்கர்களுக்கு முன்பே வீடு திரும்ப வேண்டும் என்பது அதன் வேலை. இரண்டும் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்யுமோ என்ற கவலையில், அப்போலோ-8இல் நிலாவைச் சுற்றி வந்திருந்த ஃப்ராங்க் போர்மன் சோவியத் அறிவியல் அகாடமியின் தலைவர் கெல்டிஷிடம் நேரடியாகக் கேட்டார். பாதை விவரங்கள் பதிலாக வந்தன. மோதல் நேராது என்ற உறுதியும் வந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் இரண்டு தரப்பு விண்வெளிக்காரர்களும் இப்படி மனிதர்களாகப் பேசிக்கொண்டது எனக்குக் காலடித் தடத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அன்றிரவு லூனா-15 நிலாவில் மோதி நொறுங்கியது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அங்கிருந்து கிளம்ப அப்போது இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது.

அதற்கும் முன்பாக, ஜூலை 3 அன்றே சோவியத்தின் ஆளனுப்பும் கனவு கருகிவிட்டது. முதல் அடுக்கில் மட்டும் 30 எஞ்சின்கள் கொண்ட என்-1 என்ற பிரம்மாண்ட ராக்கெட், கிளம்பிய சில நொடிகளில் தளத்தின் மேலேயே விழுந்து வெடித்தது. நான்கு முறை ஏவினார்கள், நான்கு முறையும் தோல்வி. நிலாவுக்கு ஆள் அனுப்பும் போட்டியில் நாங்கள் இருக்கவே இல்லை என்று அந்த நாடு நெடுங்காலம் சொல்லிவந்தது. 1989இல் மாஸ்கோவுக்குப் போன அமெரிக்கப் பேராசிரியர்கள், அங்கே ஒரு கல்வி நிலையத்தில், ஒரே ஆள் இறங்குவதற்கென்று செய்து ஒருபோதும் நிலாவுக்குப் போகாத கலத்தைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். இருபது ஆண்டுகளாக அதைச் செய்தவர்கள் தாங்கள் என்ன செய்தோம் என்றுகூட வெளியே சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார்கள்.

*

அப்படி வாய் திறக்க முடியாதவர்களின் தலைவர் செர்கேய் கொரோலெவ். 1938இல், ஸ்டாலின் காலத்தில், பொய்க் குற்றச்சாட்டில் கைதானார். கோலிமா என்ற உறைபனிப் பிரதேசத்துத் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். சத்தில்லாத சோற்றால் ஸ்கர்வி வந்து பற்கள் உதிர்ந்தன. உயிரோடு திரும்பியவர், தன்னைச் சிறையில் தள்ளிய அதே அரசுக்காக ராக்கெட் கட்டினார். 1957இல் ஸ்புட்னிக், 1959இல் நிலாவில் மோதிய லூனா-2, அதே ஆண்டில் நிலாவின் மறுபக்கத்தைப் படமெடுத்த லூனா-3, 1961இல் யூரி ககாரின். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தவரை உலகம் 'தலைமை வடிவமைப்பாளர்' என்றுதான் அறிந்தது. எதிரி கொன்றுவிடுவான் என்று சொல்லிப் பெயரை மறைத்தார்கள். அவர் பெயர் செய்தித்தாளில் வந்தது 1966 ஜனவரியில், அறுவை சிகிச்சை மேசையில் அவர் இறந்த பிறகு. சிறையில் அடிபட்டு உடைந்த தாடை, மூச்சுக்குழாய் செருகுவதற்குத் தடையாக இருந்தது என்று சொல்வார்கள்.

அவர் போய் மூன்று வாரத்துக்குள் லூனா-9 நிலாவில் மெல்ல இறங்கியது. 1966 பிப்ரவரி 3. இது வெறும் சாதனைப் பட்டியலில் ஒரு வரியாகப் போகக் கூடாது. ஏனென்றால் நிலாவின் தரை கெட்டியா, கால் புதையும் தூசியா என்று அதுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பலகோடி ஆண்டுகளாக விண்கற்கள் இடித்துப் பொடியாக்கிய தூசி ஆழமாகக் கிடக்கலாம், இறங்கும் கலம் மூழ்கிவிடலாம் என்று தாமஸ் கோல்ட் என்ற வானியலாளர் எச்சரித்திருந்தார். தரை கெட்டி என்று வைத்துக்கொண்டு கலத்தைக் கட்டுங்கள் என்று கொரோலெவ் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. தவறினால் பழி என்மேல் வரட்டும் என்று தலைவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் கீழே இருப்பவர்கள் நிம்மதியாக வேலை செய்ய முடியும். சுமார் 100 கிலோ எடையுள்ள உருண்டை, காற்றுப்பைகளோடு உருண்டு நின்று, இதழ்களை விரித்து, கேமராவைத் திறந்தது. அதற்கு முன் மெல்ல இறங்க அவர்கள் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றிருந்தன, பத்துக்கும் மேல்.

அந்தக் கேமரா எடுத்த படத்தை உலகம் முதலில் பார்த்தது மாஸ்கோவிலிருந்து அல்ல. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கி நிலையத்தில் பெர்னார்ட் லோவலும் சகாக்களும் லூனா-9இன் சிக்னலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை அலுவலகங்கள் படம் அனுப்பும் கருவியின் சத்தம்போல இருக்கிறதே என்று ஒருவருக்குப் பொறி தட்டியது. டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழிலிருந்து அந்தக் கருவியை வரவழைத்துச் சிக்னலைக் கொடுத்தார்கள். காகிதத்தில் நிலாத் தரை வரி வரியாக வந்தது. உயர அகல விகிதம் தெரியாததால் பாறைகள் உள்ளதைவிடக் கூர்மையாக இருந்தன. ஆனாலும் தரை கெட்டி என்பது தெரிந்துவிட்டது. அப்போலோவின் கால்களுக்கும் அதே தரைதான்.

அமெரிக்கப் பக்கம் ரகசியம் குறைவு. பெயர்கள் வெளியே வந்தன: வீரர்கள், இயக்குநர்கள், ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரான். ஆனால் அப்போலோ திட்டத்தில் வேலை செய்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் ஒரு சிறு கூட்டத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நிலாவுக்கு வழிகாட்டிய கணினியின் நிரல் எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை; கையால் நெய்யப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ரேதியான் தொழிற்சாலை. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நடுவே மிகச் சிறிய காந்த வளையங்கள் வரிசையாக இருக்கும். செம்புக் கம்பி கோத்த ஊசியை இந்தப் பக்கத்துப் பெண் உள்ளே விட, அந்தப் பக்கத்துப் பெண் வாங்கித் திருப்பி விடுவார். கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. ஓர் இடத்தில் தவறினால் கலம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒரு தொகுதியை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடிந்த பின் மாற்ற முடியாது, அதனால் நிரல் எழுதியவர்களும் நேரத்துக்கு முடித்துக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு நெசவாலைகளிலும் கடிகாரத் தொழிற்சாலைகளிலும் கை பழகிய பெண்களைத் தேடி எடுத்தார்கள். திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் காருக்கு வயரிங் ஹார்னஸ் கட்டும் பெண்களுக்கு அந்த நாற்காலியின் முதுகுவலி சொல்லாமலே விளங்கும். அந்த நெசவாளிகள் எத்தனையோ பேர். அப்போலோ நூல்களில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே பத்தி.

*

இனி இந்தியக் கதை. ஆம்ஸ்ட்ராங் இறங்கி நான்கு வாரம் ஆவதற்குள், 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ உருவானது. ஆனால் சாராபாய்க்கு நிலாமேல் ஆசை இல்லை. நிலாவுக்கோ கோள்களுக்கோ போவதில் பணக்கார நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். வானிலை, தொலைத்தொடர்பு, கல்வி ஆகியவற்றுக்குச் செயற்கைக்கோள் வேண்டும் என்பதுதான் அவர் வாதம். 1971 டிசம்பர் 30 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் முதல் ராக்கெட் பறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 52 வயதில் கோவளத்தில் இறந்தார். நிலாவில் இறங்கிய கலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் இருந்திருந்தால் செலவுக் கணக்கை முதலில் கேட்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். நல்ல கேள்வி அது.

சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்தவர். 2008 அக்டோபர் 22, காலை 6:22. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரம். பிஎஸ்எல்வி-சி11 கிளம்பிச் சில நொடிகளில் மேகத்துக்குள் மறைந்துவிட்டது; பழவேற்காட்டுக் கரையில் நின்றவர்களுக்கு மீதிக் காட்சி சத்தம்தான். கலத்தில் ஒரு சிறு பெட்டி இருந்தது. சுற்றிவிட்டு மட்டும் வந்தால் போதாது, நிலாவின் தரையைத் தொட வேண்டும் என்று அப்துல் கலாம் சொன்னதால் சேர்த்தது. நவம்பர் 14 இரவு அது கழன்று தென்துருவம் அருகே மோதியது. இறங்கும் வழியிலேயே அதன் கருவி நீராவிக்கான தடயத்தைப் பதிந்தது. கலத்தில் இருந்த அமெரிக்கக் கருவி, நிலாவின் மண்ணில் நீர் மூலக்கூறுகளின் அடையாளத்தைக் கண்டது. நிலா எலும்புபோல் வறண்டது என்று அப்போலோ கற்களை வைத்து உலகம் நாற்பது ஆண்டுகளாக நம்பியதை அது மாற்றியது. எதிர்பார்த்ததைவிடக் கலம் சூடேறியது; கருவிகளை மாற்றி மாற்றி அணைத்துச் சமாளித்தார்கள். இரண்டு ஆண்டு ஓட வேண்டியது பத்து மாதத்தில், 2009 ஆகஸ்டில், பேச்சை நிறுத்தியது. வேலையில் பெரும்பகுதியை அதற்குள் முடித்துவிட்டது.

சந்திரயான்-2இல் இறங்கும் கலத்தை முதலில் ரஷ்யாதான் தருவதாக இருந்தது. 2007இல் ஒப்பந்தம். தர வேண்டியது லாவோச்கின் நிறுவனம், லூனா-9ஐச் செய்த அதே நிறுவனம். 2011இல் அவர்களுடைய ஃபோபோஸ்-கிரண்ட் என்ற செவ்வாய்ப் பயணம் பூமியின் சுற்றுப்பாதையைவிட்டே போக முடியாமல் தோற்றது. ஒப்பந்தம் தள்ளித் தள்ளிப் போய் முறிந்தது. நாமே செய்துகொள்வோம் என்று இஸ்ரோ முடிவெடுத்தது. சென்னைக்காரரான மு. வனிதா திட்ட இயக்குநர். 2019 ஜூலை 15 அதிகாலை, கவுண்ட்டவுனில் 56 நிமிடம் 24 நொடி இருக்கும்போது தொழில்நுட்பக் கோளாறு என்று நிறுத்தினார்கள். ஜூலை 22 அன்று கிளம்பியது. ஒத்திப்போகும் ஒவ்வொரு முறையும் மீனவருக்கு இன்னொரு நாள் போகும் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

செப்டம்பர் 7 அதிகாலை, இறங்கும் கலமான விக்ரம் தரைக்குச் சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது தொடர்பு அறுந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக உந்தின. பிழை சேர்ந்துகொண்டே போனது. அதைத் திருத்தும் அளவுக்குக் கலத்தால் வேகமாகத் திரும்ப முடியவில்லை. இறங்க அனுமதித்த இடமோ அரைக் கிலோமீட்டர்ச் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் போகவேண்டுமே என்று பறந்ததில் வேகம் குறையவில்லை. பின்னாளில் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் இதை மறைக்காமல் விளக்கினார். கொரோலெவ் காலத்து சோவியத்தில் இப்படி ஒரு விளக்கத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

நொறுங்கிய கலத்தின் தடயத்தைக் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த மதுரைக்காரப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்ட நிலாப் படங்களை வீட்டுக் கணினியில் பழைய படமும் புதிய படமுமாகப் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அவர் எழுதி அனுப்பியதை வைத்துத் தேடிய நாசா, 2019 டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே உறுதிப்படுத்தியது. அவர் கண்டது மோதிய இடத்திலிருந்து 750 மீட்டர் தள்ளிக் கிடந்த ஒரு துண்டு. எந்தச் சம்பளமும் இல்லாமல் வேலை முடிந்த இரவுகளில் செய்தது இது.

*

2023இல் மறுபடியும் ஒரு போட்டி வந்தது. நிஜமான போட்டி. ஜூலை 14 சந்திரயான்-3 கிளம்பியது. ஆகஸ்ட் 11 ரஷ்யாவின் லூனா-25 கிளம்பியது. பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரும் என்ற நிலை. ஏன்? நிலா 3,84,400 கிலோமீட்டர் தொலைவு. அப்போலோவைத் தூக்கிய சாட்டர்ன்-5 கிளம்பும்போது 2,900 டன். மூன்று நாளில் நிலாவுக்குப் போய்விடும். எல்விஎம்-3 எடை 640 டன். கிட்டத்தட்ட 4 டன் எடையுள்ள சந்திரயான்-3ஐ அது நேரே நிலாவுக்கு எறிய முடியாது. ஆகவே பூமியைச் சுற்றி 170 கிலோமீட்டர் தொலைவுக்கும் 36,500 கிலோமீட்டர் தொலைவுக்கும் இடையே நீண்ட பாதையில் விட்டுவிடும். கலம் பூமிக்கு அருகே வரும் ஒவ்வொரு முறையும் தன் எஞ்சினை இயக்கும். அங்கே வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர். தொலைவான முனையில் ஒன்றரை கிலோமீட்டர்தான். வேகமாகப் போகும் இடத்தில் கொடுக்கும் உந்துதல், மெதுவாகப் போகும் இடத்தில் கொடுக்கும் அதே உந்துதலைவிட ஆறேழு மடங்கு ஆற்றலைச் சேர்க்கும். இப்படிப் பாதையை நீட்டி நீட்டி, ஆகஸ்ட் 1 அன்று நிலாவை நோக்கித் திருப்பினார்கள். எரிபொருளை மிச்சம் பிடித்து நாளைச் செலவழிக்கும் வழி.

ஆகஸ்ட் 19 அன்று லூனா-25இன் எஞ்சின் 84 நொடி எரிவதற்குப் பதில் 127 நொடி எரிந்தது. கலம் நிலாவில் மோதியது. 1976இல் லூனா-24 மண் கொண்டுவந்த பிறகு ரஷ்யா நிலாவுக்கு அனுப்பிய முதல் கலம் அது. அதற்கு ஆலோசகராக இருந்த மிகயீல் மாரோவுக்கு 90 வயது. தொடக்க கால சோவியத் கோள் ஆய்வுகளிலேயே வேலை செய்தவர். மோதிய செய்தி கேட்டு உடல்நலம் குன்றி மருத்துவமனையில் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். அவர் காத்திருந்தது ஏறக்குறைய அரை நூற்றாண்டு. நாம் வென்ற நாளில் அவரையும் நினைத்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 23 மாலை 6:04க்குச் சந்திரயான்-3 நிலாவில் மெல்ல இறங்கியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர், ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து மேலே வந்தவர். 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தை 19 நிமிடத்தில் கரைக்க வேண்டும். இந்த முறை இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராகப் பெருக்கியிருந்தார்கள். ஐந்து எஞ்சின் நான்கானது, கால்கள் உறுதியாயின, வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. எதெது தவறும் என்று பட்டியல் போட்டு, அது தவறினாலும் இறங்கும்படி கட்டினார்கள்.

அந்தக் கால்களும், கலத்திலிருந்து இறங்கி ஓடும் ரோவரின் சக்கரங்களும் முதலில் பழகியது நாமக்கல் மாவட்டத்து மண்ணில். நிலாவின் மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையால் ஆனவை. நம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்தில் அதே வகைப் பாறை கிடக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர்கள் அடையாளம் காட்ட, பாறையை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். கிரஷரில் நின்று அந்தப் பொடியை அள்ளியவர்களும் நிலாப் பயணத்தில் வேலை செய்தவர்கள்தான். சேலம் உருக்காலையின் எஃகும் மகேந்திரகிரியில் எஞ்சினைச் சோதித்தவர்களின் இரவுகளும் இதில் அடக்கம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போது பின்னணியில் எண்ணிக்கை சொல்லும் பெண்குரல் ஒன்று இருந்தது. அது வளர்மதியின் குரல். நாடே கேட்ட குரலுக்கு உரியவர் யார் என்பது, 2023 செப்டம்பர் தொடக்கத்தில் அவர் சென்னையில் மாரடைப்பால் இறந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. சந்திரயான்-3க்கும் எண்ணிக்கை சொன்னவர் அவர்தான்.

*

அடுத்து சந்திரயான்-4. நிலாவிலிருந்து மண்ணைக் கொண்டுவரும் திட்டம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104.06 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. லூனா-15 செய்ய நினைத்து முடியாமல்போன வேலை. இதற்கு இரண்டு முறை எல்விஎம்-3 ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளத்துக்கும் 2025 ஜனவரியில் ஒப்புதல் வந்துவிட்டது. ஏவும் நாட்கள் கூடும். ஒரு நாள் மீன்பிடிப்பு போனால் ஒரு குப்பத்துக்கு எவ்வளவு நட்டம் என்பது கணக்கிட முடியாத விஷயம் அல்ல: எத்தனை படகு, படகுக்கு எத்தனை பேர், அந்தப் பருவத்தில் நண்டு என்ன விலை, கரையில் எத்தனை பெண்களுக்குக் கூலி போகிறது. அந்தத் தொகை ஒவ்வொரு ஏவுதலின் செலவுப் பட்டியலிலும் எரிபொருளுக்கு அடுத்த வரியாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தெற்கே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த வளைவு கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். அதற்காக மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஊர்களில் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். பனையும் தேரிமண்ணும் இருக்கும் பூமி. யானாதிகளையும் தீவுக் குப்பங்களையும் பற்றி ஸ்ரீஹரிகோட்டாவில் யாரும் எழுதிவைக்காமல் விட்டதை இங்கே முதல் நாளிலிருந்தே எழுதிவைக்கலாம்: எந்த வீட்டிலிருந்து எவ்வளவு நிலம் வந்தது, யார் எங்கே போனார்கள், எந்தக் கரையில் எத்தனை படகு எந்தெந்த நாளில் நின்றது. எழுத வேண்டியவர்கள் இன்னும் அந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம்.